புறங்கை

ஆஷாடம் இரண்டாய் வந்த ஆண்டு அது.
பூரியில் தேய்பிறைச் சதுர்த்தசி,
இரவு பதினொன்று நாற்பது.
துணைமின் நிலையத்தில் நான் ஒருவன்,
நான்கு ஃபீடர், ஒரு தொலைபேசி,
சுவரில் பல்லி.

அணை என்றார்கள். அணைத்தேன்.
பெரிய வீதி போயிற்று. கடற்கரை விடுதிகள் போயின.
சக்ரதீர்த்தச் சாலை ஐஸ்கிரீம் கடைப் பலகை
ஒருமுறை கண்சிமிட்டிவிட்டுப் போயிற்று.
இருபத்திரண்டு வருஷமாய் என் காதில் குடியிருந்த
டிரான்ஸ்ஃபார்மர் முனகல்
நின்ற பிறகுதான்
அது இருந்ததே தெரிந்தது.
அதற்குப் பின்னால் கடல்.
கடலுக்கும் பின்னால் இன்னொன்று.
பெயர் வைக்கப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

அந்நேரம் கோயிலுக்குள்
பத்மசரணின் கண்ணைக் கட்டியிருப்பார்கள்.
கையில் துணி, துணிமேல் துணி.
பழைய வேம்பின் மார்பைத் திறந்து
உள்ளிருப்பதை எடுத்துப்
புது வேம்பின் மார்பில் வைத்து மூட வேண்டும்.
என்னதான் இருக்கிறது உள்ளே?
எலும்பு என்பார்கள், மணி என்பார்கள்.
சாளக்கிராமம்தான் என்று
சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார் என் மாமனார்.
பார்த்தவன் இல்லை.
தொட்டவனும் துணியைத்தான் தொட்டான்.

பிரம்மம் அசையாது என்று
மடத்துச் சொற்பொழிவில் கேட்டிருக்கிறேன்.
எங்கும் நிறைந்ததை
ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு
எப்படி மாற்றுவது?
நான் தினமும் சுமை மாற்றுகிறவன்,
ஒரு ஃபீடரிலிருந்து இன்னொன்றுக்கு.
எது போயிற்று, எது வந்தது என்று
என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.
விளக்கு எரியும். அவ்வளவுதான்.

பத்மசரணும் நானும் ஒரே பெஞ்சு.
கணக்கில் என்னைப் பார்த்துத்தான் எழுதுவான்.
அவன் வம்சத்துக்கு ஜகந்நாதன் பங்காளி:
ஜுரம் வந்தால் கஷாயம்,
போனால் தீட்டு.
பத்து நாள் அழுது, மொட்டைத் தலையோடு
பதினோராம் நாள் டீக்கடைக்கு வந்தான்.

கேட்கக் கூடாது என்று தெரியும்.
கேட்டேன். கனமா? சூடா? துடித்ததா?
தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான்.
பிறகு என்னைக் கேட்டான்:
"டெஸ்டர் இல்லாத இடத்தில்
கம்பியில் கரண்ட் இருக்கா இல்லையா
எப்படிப் பார்ப்பாய், நாரணா?"

ரகசியமா என்ன, சொன்னேன்:
"பழைய ஆட்கள் புறங்கையால் தொடுவார்கள்.
உள்ளங்கையால் தொட்டால்
விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும்,
வெந்தாலும் விடாது.
கிருபாசிந்து அப்படித்தான் போனான்,
கோணார்க் லைனில்.
மூடிய கையோடுதான் இறக்கினோம்.
புறங்கையில் பட்டால் கை உதறிக்கொண்டு வரும்.
தெரிந்ததும் தெரிந்தது,
பிழைத்ததும் பிழைத்தது."

தன் இரண்டு கையையும்
மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.
ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது, ஓட்டவில்லை.
"நான் பிடித்துவிட்டேன்டா" என்றான்.
"அத்தனை துணி சுற்றியும்
பிடித்துவிட்டேன்."
கொஞ்சம் கழித்து,
"இன்னும் விட்ட மாதிரி இல்லை."

யார் யாரை என்று நான் கேட்கவில்லை.
டீக்குக் காசு நான் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் பதிவேட்டோடு வந்தார்
ஜூனியர் இன்ஜினியர், ரூர்கேலாக்காரர், இளம்பிள்ளை.
அந்த ராத்திரிக்கு நேரே
'மின்தடைக்குக் காரணம்' கட்டம் காலி.
பழுதா, புயலா, பராமரிப்பா?
பத்தொன்பது வருஷத்துப் பழைய ஏட்டைத் தேடி எடுத்தேன்.
என் நாற்காலியில் அன்று இருந்தவர்
நீல மையில் எழுதியிருந்தார்:
மேலிடத்து உத்தரவு.
இருவரும் சிரித்தோம்.

நான் 'பராமரிப்பு' என்று எழுதினேன்.
திரும்ப வந்த நேரம்: 4.10.
கையெழுத்துப் போடும்போது
தலைக்கு மேல் அந்த முனகல்.

"கேட்கிறதா சார்?" என்றேன்.

"எது?" என்றார்.